ஆறு நிமிடக் கேள்வியும் மதிப்பெண் பதிவேடும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் வாரத்தில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் போனாலும் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கும். “ஜூலையில் நடத்தினேன். ஆகஸ்டில் ஸ்லிப் டெஸ்ட் வைத்தேன், எல்லாரும் எழுதினார்கள். இப்போது பார்த்தால், நான் நடத்தவே இல்லை என்கிற மாதிரி விழிக்கிறார்கள்.” வீட்டில் பெற்றோர் சொல்வதும் இதுதான்: “ராத்திரி அட்சரம் பிசகாமல் ஒப்பிச்சான் சார், ரெண்டே நாள்ல மறந்துட்டான்.” பழி பிள்ளையின் கவனக்குறைவு மீதோ கைப்பேசி மீதோ போய் விழுகிறது. கைப்பேசிக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் தன் மறதியைத் தானே அளந்து ஜெர்மனியில் நூலாக வெளியிட்டது 1885இல். அன்று கைப்பேசி கிடையாது. கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலுமே போய்விடுகிறது என்பதுதான் அவர் கண்டது.

பள்ளி உளவியல் என்றாலே நம் ஊரில் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தொலைக்காட்சியில் ஆறுதல் சொல்லும் ஆலோசகர்தான் நினைவுக்கு வருகிறார். அது அத்துறையின் ஒரு மூலை. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் சாதாரண வகுப்பில் எது மனத்தில் தங்குகிறது, எது தங்குவதில்லை, ஏன் என்று பார்ப்பதும் அதே துறையின் வேலைதான். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தால்தான் படித்தது நிலைக்கும் என்பது அதில் நன்றாக உறுதிப்பட்ட ஒரு முடிவு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆய்விதழிலிருந்து கரும்பலகைக்கு வரும் வழியில் அது எங்கெங்கே சிந்திப் போகிறது என்று இந்தக் கடிதத்தில் எழுதுகிறோம்.

2006ஆம் ஆண்டு, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் வெளியிட்ட சோதனை ஒன்று. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கு நினைவில் வைத்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

இந்த நான்கு எண்களையும் ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டலாம். ராத்திரி ஒப்பித்தவன் ஏன் மறந்தான் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிப்பது அந்த நேரத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் பிள்ளையும் நம்புகிறது, பெற்றோரும் நம்புகிறார்கள். அந்தச் சோதனையிலும் அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு சுற்றும் படித்தவர்கள்தான். கண்ணுக்குப் பழகிப்போன வரியை ‘எனக்குத் தெரியும்’ என்று மனம் எண்ணிக்கொள்கிறது. புத்தகத்தை மூடிவிட்டுத் தேடி எடுக்கும்போதுதான் எது இருக்கிறது, எது இல்லை என்பது தெரிகிறது. தேடி எடுக்கும் அந்த முயற்சியே நினைவைக் கெட்டிப்படுத்துகிறது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்ததை வைத்து எட்டாம் வகுப்பைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதே குழுவினர் இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியா நடுநிலைப் பள்ளியில், வழக்கமான பாடவேளைக்குள், வழக்கமான ஆசிரியரோடு சில ஆண்டுகள் இதைச் செய்து பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில், சிறு வினாக்களாகக் கேட்கப்பட்ட பாடப்பொருளில் மாணவர்கள் பாடத் தேர்வில் பெற்றது சராசரி 92 விழுக்காடு. கேட்கப்படாததில் 79. பிள்ளைகளும் அவர்களே, ஆசிரியரும் அவரே.

இது ஏதோ அயலார் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. பாடம் கேட்கும் முறையைச் சொல்ல வந்த நன்னூல், ‘கேட்டவை நினைத்தல்’ என்பதையும் ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்பதையும் மாணாக்கனின் கடனாகவே வைக்கிறது. கேட்டதைத் தானே நினைத்துப் பார்ப்பது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது. மதிப்பெண் என்ற பேச்சு அந்தச் சூத்திரத்தில் இல்லை.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறியிலும் (அ), (ஆ) என்று இரண்டு. (ஆ) என்பது சிறுதேர்வுகள். எண்ணம் நல்லதுதான். அடிக்கடி சிறிது சிறிதாகக் கேட்டால் பிள்ளை வளரும் என்பது ஆய்வும் சொல்வது. ஆனால் அந்தச் சிறுதேர்வுக்கு மதிப்பெண் என்ற கட்டம் போட்டு, கட்டத்தை நிரப்பும் பதிவேடு கொடுத்ததும், வளரறி என்பது பதிவேட்டின் பெயராகிவிட்டது. பருவம் முடியும் வாரத்தில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பப்பட்ட பதிவேடுகளை அறியாத ஆசிரியர் பயிற்றுநர் இருக்க மாட்டார். ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவருக்கு இருநூறு நோட்டு. எதைச் சரிபார்க்க ஆள் வருவாரோ அந்த வேலைதான் முதலில் நடக்கும்.

ஹரியானாவில் இதே தொடர் மதிப்பீட்டு முறையைச் சுமார் 500 அரசுப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தார்கள். அந்த மதிப்பீட்டு முறையால் பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. அதே ஆய்வில், வயதைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துத் தினமும் தனியாக நேரம் ஒதுக்கிப் பயிற்சி கொடுத்த தொடக்கப் பள்ளிகளில் இந்தி வாசிப்பு உயர்ந்தது. முதலாவதில் தகவல் சேர்ந்தது. இரண்டாவதில் நாளைக் காலை வகுப்பில் என்ன செய்வது என்பதே மாறியது.

மதிப்பெண் எப்படிக் கெடுக்கிறது என்பதற்கும் சோதனை உண்டு. 1988இல் இஸ்ரேலில் ருத் பட்லர் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்குக் கருத்து மட்டும் எழுதிக் கொடுத்தார், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். ஆர்வமும் தரமும் கூடியது கருத்து மட்டும் பெற்றவர்களிடம்தான். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்கு வருவதில்லை.

ஆகவே கீழே சொல்லும் முறையில் மதிப்பெண் கிடையாது, பதிவேடு கிடையாது, நோட்டை வாங்கித் திருத்துவதும் கிடையாது. இந்த மூன்றில் எது உள்ளே வந்தாலும் இரண்டு வாரத்தில் முறை படுத்துவிடும்.

பாடவேளையின் முதல் ஆறு நிமிடம். பிள்ளைகள் ரஃப் நோட்டை எடுப்பதற்குள் ஆசிரியர் கரும்பலகையில் நான்கு கேள்வி எழுதுகிறார்: நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று, அதற்கும் முந்தைய பாடத்திலிருந்தோ போன வகுப்பிலிருந்தோ ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விடை ஒரு வரியைத் தாண்டக் கூடாது. மூன்று நிமிடம் சத்தமில்லாமல், புத்தகம் மூடி, எல்லாரும் எழுத வேண்டும். தெரியாவிட்டால் கோடு போட்டு விடலாம், பக்கத்தில் பார்க்கத் தேவையில்லை என்பதை முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அரை நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுதல். அடுத்த இரண்டு நிமிடத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லி, ஏன் என்று அரை வரியும் சொல்கிறார். பிள்ளை தானே திருத்திக்கொள்கிறது. எழுதியது பேனா என்றால் திருத்துவது பென்சில். கடைசியாக, தவறிய கேள்வியின் எண்ணை விரலால் நெஞ்சருகே காட்டச் சொல்லலாம். ஆசிரியருக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அந்த விரல்களை வைத்துச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறியிருந்தால் அந்தக் கேள்வி நாளையும் வரும். பாதிக்கு மேல் தவறியிருந்தால் கேள்வி கேட்டுப் பயனில்லை. அந்த இடத்தை மறுபடி நடத்த வேண்டும். இல்லாததைத் தேடி எடுக்க முடியாது. அது ஊகம் ஆகிவிடும். ஏறக்குறைய எல்லாரும் சரி என்றால் அந்தக் கேள்வி தூரத்துக்குப் போகலாம்.

கேள்விகளைத் தினமும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு பாடம் நடத்தி முடித்த அன்றே எட்டுக் கேள்வியை எட்டுச் சீட்டில் எழுதி, பின்பக்கம் விடையையும் எழுதிவிட வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாகக் கிழித்தால் தாராளமாகப் போதும். நான்கு டப்பா: நேற்று, வாரம், மாதம், அதற்கும் முந்தையது. கேட்டு முடித்த சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், பலர் தவறவிட்ட சீட்டு முதல் டப்பாவுக்குத் திரும்பும். இருபது பாடம் உள்ள நூலுக்கு 160 சீட்டு. ஒருமுறை எழுதினால் பாடநூல் மாறும்வரை உழைக்கும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு பாதிப் பாதி பிரித்துக்கொண்டால் வேலை இன்னும் குறையும்.

இடைவெளி எதற்கு என்று ஒரு வார்த்தை. 2008இல் செபேடாவும் உடன் ஆய்வாளர்களும் 1,354 பேரிடம் இதை அளந்தார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிருக்க வேண்டுமானால் மறுநாள் திருப்பிப் பார்ப்பது சிறந்தது. ஓர் ஆண்டு நிற்க வேண்டுமானால் மூன்று வாரம் போல விட்டுப் பார்ப்பது சிறந்தது. கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள், படித்தவை தனித்தனித் துணுக்குத் தகவல்கள் என்பதால் அந்த நாள் கணக்கை அப்படியே ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு நாள் நிற்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும் என்ற போக்கு மட்டும் போதும். நான்கு கேள்வியை நான்கு காலத்திலிருந்து எடுப்பது அதற்காகத்தான். ஸ்லிப் டெஸ்ட் நிலைக்காததும் இதனால்தான். பாடம் முடிந்த மறுநாள் ஒருமுறை வைத்துவிட்டு, அதோடு பாடத்தைக் காலாண்டு வரை மறந்துவிடுகிறோம்.

இனி, எங்கே தவறும் என்பது. நாங்கள் சொல்ல வந்ததில் கனமான பகுதி இது.

முதல் தவறு, எழுத வைக்காமல் வாய்மொழியாகக் கேட்பது. கை தூக்கும் ஆறு பேர் எப்போதும் அதே ஆறு பேர். மற்ற முப்பத்து நான்கு பேர், அவர்களில் ஒருவர் சொல்லப்போகிறார் என்று தெரிந்தே காத்திருக்கிறார்கள். வகுப்பு முழுவதும் கோரஸாகச் சொல்வதும் அப்படித்தான். முன்வரிசை சொன்ன முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்வரிசை வாயசைக்கிறது. தேடி எடுத்த பிள்ளைக்குத்தான் பயன். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது இன்னொரு முறை படித்த மாதிரிதான்.

இரண்டாவது, புக் பேக் கேள்வியை அதே சொற்களில் கேட்பது. பிள்ளை கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் விடையின் முதல் வரியைக் கொட்டிவிடும். பாடம் புரிந்ததா என்பது அதில் தெரியாது. ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?’ என்பதைவிட, ‘இருட்டிய பிறகு இலையில் எது நின்றுபோகும், எது நடந்துகொண்டே இருக்கும்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ஒளிச்சேர்க்கை நிற்கும், சுவாசம் தொடரும் என்று இரண்டு சொல்லில் விடை வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு சொல்லை எடுக்க இரண்டு பாடத்தைத் தொட வேண்டும்.

மூன்றாவது, நேரமில்லை என்று விடை சொல்லாமல் விடுவது. ஒரு மதிப்பெண் வினாக்களில் இது ஆபத்து. நான்கு விடையில் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிள்ளை, திருத்தம் கிடைக்காவிட்டால் அந்தத் தவறையே கற்றுக்கொள்கிறது. பிறகு கேட்டால் அதையே நம்பிக்கையோடு சொல்லும். விடையைச் சொல்லிவிட்டால் இந்தக் கேடு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்பதும் சோதித்துப் பார்த்ததுதான். நேரம் போதாதென்றால் கேள்வியை மூன்றாகக் குறைக்கலாம், விடையைக் குறைக்கக் கூடாது.

நான்காவது, தவறியவனுக்குப் பத்து முறை எழுதும் தண்டனை. தண்டனை என்பது ஒரு கெடுதல். அது பயிற்சியாகவும் ஆவதில்லை என்பது இன்னொன்று. பத்து முறை எழுதும் பிள்ளை எப்படி எழுதுகிறது என்று யாராவது நின்று பார்த்திருக்கிறோமா? முதல் சொல்லைப் பத்து வரியிலும் மேலிருந்து கீழாக எழுதும், பிறகு இரண்டாம் சொல்லை அதேபோல் எழுதும். கை வலிக்கும். வாக்கியம் மனத்துக்குள் ஒருமுறைகூடப் போயிருக்காது. தண்டனை உண்டு என்று தெரிந்த மறுநாளே பார்த்து எழுதுதலும் தொடங்கிவிடும்.

ஐந்தாவது, ஒரே வகைக் கேள்வியாகக் கேட்பது. தமிழ் இலக்கண வகுப்பிலிருந்தே சொல்கிறோம். பண்புத்தொகை நடத்தி முடித்ததும் கொடுக்கும் பயிற்சியில் செந்தாமரை, வெண்ணிலா, கருங்குவளை என்று பத்தும் பண்புத்தொகையாகவே இருக்கும். பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை இலக்கணத்தைப் பார்க்கவே இல்லை, தலைப்பைப் பார்த்து எழுதியிருக்கிறது. பொதுத்தேர்வில் தலைப்பு இருக்காது. செந்தாமரையோடு ஊறுகாய், மலர்க்கை, தாய்சேய், மதுரை சென்றார் ஆகியவற்றையும் கலந்து கொடுத்தால்தான் இது வினைத்தொகையா, உவமைத்தொகையா, உம்மைத்தொகையா, வேற்றுமைத்தொகையா என்று பிரிக்கும் வேலை நடக்கும். கணிதத்தில் இதை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிரிவுகள் 54இல் டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதிக்கு வகைவாரியாகவும் மறுபாதிக்குக் கலந்தும் கணக்குகள் கொடுக்கப்பட்டன. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் வகைவாரியாகச் செய்தவர்கள் 38 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 61. கலந்து செய்யும்போது வகுப்பில் தவறு கூடுதலாக வரும், பிள்ளைகள் முனகுவார்கள். அதைப் பார்த்து இரண்டாம் நாளே முறையைக் கைவிடுகிறவர்கள் உண்டு. தனிவட்டி, கூட்டுவட்டி, இலாப நட்டம் மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் முதல் வாரம் எல்லாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

சின்ன வகுப்புகளுக்கு இதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘படித்ததில் நினைவிருப்பதை எழுது’ என்று வெற்றுத்தாளைக் கொடுத்துப் பார்த்த கார்ப்பிக் குழுவினர், அவர்களால் பத்தில் ஒரு பங்கைக்கூட எழுத முடியவில்லை என்று கண்டார்கள். எடுக்க முடியாதபோது எடுக்கும் பயிற்சியால் பயனும் இல்லை. பாதி நிரப்பிய படம் போன்ற கைப்பிடி கொடுத்தபோது பயன் தெரிந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. அங்கே மூன்று நிலைக்கும் ஒரே கேள்வி வேண்டாம். அரும்பில் இருப்பவனுக்குப் படத்தைக் காட்டி முதலெழுத்து, மலரில் இருப்பவனுக்கு முழுச் சொல். சிலேட்டைத் தூக்கி எறிந்தது அவசரம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. எல்லாப் பிள்ளையும் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட அதைவிட மலிவான கருவி இல்லை.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. எழுதுவதே மலையாக இருக்கும் பிள்ளைக்கு மூன்று நிமிடத்தில் நான்கு விடை என்றால், சோதிப்பது அறிவியலை அல்ல, கையெழுத்தை. அவன் படம் வரையலாம், ஒற்றைச் சொல் எழுதலாம், ஆசிரியர் காதில் சொல்லலாம். இன்னொன்று: எட்டாம் வகுப்பில் பத்தியை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இந்த ஆறு நிமிடம் மருந்தாகாது. அதற்கு வாசிப்புப் பயிற்சிதான் வேண்டும். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் பெயரைச் சேர்த்துக் கைடிலிருந்து இருபது விடையை மனப்பாடம் செய்யச் சொல்வது இரண்டுமே அல்ல.

தேர்வு பயம் கூடாதா என்று பெற்றோர் கேட்பார்கள். மதிப்பெண் இல்லாத சிறு வினாக்களைப் பழகிய 1,408 அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் கேட்டபோது, பெரிய தேர்வின்போது பதற்றம் குறைந்ததாகச் சொன்னவர்கள் 72 விழுக்காடு. இது அவர்களே சொன்னது, நாடி பிடித்துப் பார்த்ததல்ல. ஆனாலும் மதிப்பெண் இல்லை என்ற சொல்லை வகுப்பு நம்பினால்தான் இது நடக்கும்.

பத்தாம் வகுப்பு மாலை நேரச் சிறப்பு வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்து உரக்கப் படிக்கும் முக்கால் மணி நேரத்தையும் இப்படியே மாற்றலாம். பதினைந்து நிமிடம் படிப்பு. புத்தகத்தை மூடிப் பதினைந்து நிமிடம் எழுத்து. பத்து நிமிடம் புத்தகத்தைத் திறந்து விட்டதைக் கண்டுபிடித்தல். மிச்ச ஐந்து நிமிடத்தில் போன வாரம் விட்டவை. மரத்தடியில் சத்தம் குறைந்துவிடும், மேற்பார்வைக்கு வருகிறவருக்குப் பிள்ளைகள் படிக்காத மாதிரி தோன்றும். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

கல்வித் துறை செய்ய வேண்டியது குறைவு. இதைத் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸில் ஏற்றச் சொல்லாமல் இருப்பது முதல் உதவி. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் முந்தைய பாடங்களிலிருந்து நான்கு கலப்புக் கேள்வி அச்சிட்டால் ஆசிரியரின் பாதி வேலை முடிந்துவிடும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்களில் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வகுப்பு இன்னும் நடக்கிறது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடுகிறது என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இலேயே எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து சீட்டு எழுதலாம்.

ஆய்வு எங்கோ நடந்தது, நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்ற ஐயம் உள்ளவர்கள் தங்கள் வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு பாடத்தில் பன்னிரண்டு கருத்துகளைப் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்கி ஆறு ஆறாகப் பிரிக்க வேண்டும். நாமே தேர்ந்தெடுத்தால் எளிதான ஆறு ஒரு பக்கம் போய்விடும். முதல் ஆறைக் கேள்வியாகக் கேட்பது, அடுத்த ஆறை அதே அளவு நேரம் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டுவது. மூன்று வாரம் கழித்துப் பன்னிரண்டுக்கும் தலா ஒரு கேள்வி. வினாத்தாளை இன்னொரு ஆசிரியர் எடுக்க வேண்டும், எந்தக் கருத்து எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. நாற்பது பிள்ளை என்றால் பக்கத்துக்கு 240 விடை, சரியானதை எண்ணிப் பார்த்தால் போதும். ஒரு பாடத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று நான்கு பாடம் பார்க்கலாம். எண்ணி முடித்ததும் விடுபட்ட ஆறு கருத்துக்கும் கேள்விப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இப்படிப் பத்துப் பள்ளிகளின் எண்ணிக்கையைச் சேர்த்து வைத்தாலே நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆய்வு கிடைக்கும்.

கடைசியாகத் தங்கள் நாளிதழுக்கே ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வுக் காலத்தில் நாளிதழ்கள் வெளியிடும் மாதிரி வினாத்தாள்களில் கேள்விக்கு நேர் கீழேயே விடை அச்சாகிறது. பிள்ளை இரண்டையும் சேர்த்தே படித்துவிட்டு ‘தெரியும்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. கேள்வியை இன்றும் விடையை நாளையும் வெளியிடுங்கள். கேள்விகளையும் பாடவாரியாக அடுக்காமல் கலந்து கொடுங்கள். விடை எங்கே என்று கேட்டுக் காலையில் சில தொலைபேசி அழைப்புகள் வரும். அவர்களிடம் எழுதிப் பார்த்தாயா என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி உளவியல், ஆசிரியர் பயிற்சித் துறைகளில் பணியாற்றும் சிலர்,
மதுரை